மூட்டையும் முடிச்சும்

பொருள்களைச் சேர்த்துக் கட்டுவதற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று பதிலாக நிற்கத்தக்கவை போலத் தோன்றினாலும், அவை ஒவ்வொன்றும் தனித்தனி முறையைக் குறிப்பவை. இலையிலோ காகிதத்திலோ மடித்து நூல் சுற்றியது பொட்டலம். துணியிலோ சாக்கிலோ இட்டு வாயைக் கட்டியது மூட்டை. நெருக்கி அழுத்திக் கட்டியது சிப்பம். மாட்டின் முதுகிலோ கழுதையின் முதுகிலோ ஏற்றுவதற்கென்று கட்டியது பொதி. முந்தானை நுனியிலோ வேட்டி மடிப்பிலோ காசை வைத்து இறுக்கியது முடிச்சு. வீடு மாறிச் செல்பவர்களைப் பற்றிப் பேசும்போது ‘மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள்’ என்பது பேச்சுவழக்கில் ஊறிய தொடர். அந்த இணைச்சொல்லை ஊன்றிப் பார்த்தால், வீட்டுச் சாமான்களை இடம்பெயர்க்கும் வேலையின் முதல் பாகுபாடு அதிலேயே அடங்கியிருப்பது தெரியும்: வண்டியில் ஏறிப் போக வேண்டியது மூட்டை, உடம்பை விட்டு அகலாமல் கையோடு வர வேண்டியது முடிச்சு. வீடு மாற்றும் குடும்பங்கள் படும் இன்னலில் பெரும்பகுதி, இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோவதாலும், எந்த மூட்டைக்குள் எது இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போவதாலுமே விளைகிறது.

தமிழ்நாட்டில் வீடு மாறுவதற்கு எல்லா மாதங்களும் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் புதிய வீட்டில் குடிபுகுவதை இந்துக் குடும்பங்களில் பல தவிர்க்கின்றன. புரட்டாசியை விலக்குவோரும் உண்டு. பள்ளி ஆண்டு ஏப்ரல் வாக்கில் முடிந்து ஜூன் வாக்கில் தொடங்குவதால், படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் கோடை விடுமுறைக்காகக் காத்திருக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாள் கிடைத்தாலும் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடுகிறது. இவ்வாறு கழிந்து எஞ்சும் சில முகூர்த்த நாள்களில், அதிலும் வைகாசியின் ஞாயிற்றுக்கிழமைகளில், வண்டியும் ஆளும் கிடைப்பது அரிதாகிவிடுவதால், நாள் குறித்த உடனே வண்டியைப் பேசி வைத்துவிட்டு, அந்த நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வாரமாவது எண்ணி வேலையைத் தொடங்குவது நல்லது. அன்றாடப் புழக்கத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு முன்னதாக அதைக் கட்டிவிட வேண்டும் என்பதே இதில் கொள்ளத்தக்க ஒழுங்கு. முதல் வாரம் பரணுக்கும் புத்தக அலமாரிக்கும் உரியது. இரண்டாம் வாரம் பட்டுத் துணிகள், கொலு பொம்மைகள், விருந்தினருக்கென ஒதுக்கிய பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு உரியது. சமையலறை கடைசி இரண்டு நாளுக்கு உரியது.

வீட்டிலுள்ள பொருள்களின் இருப்பிடம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. வெந்தய டப்பா இரண்டாம் தட்டின் இடது ஓரத்தில் இருப்பதும், மின்சாரம் போன இரவில் கை தேடாமல் நேராகச் சென்று தீப்பெட்டியை எடுப்பதும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பச்சைக் கோப்பில் கிடப்பதும், அந்த வீட்டை நடத்துகிறவரின், பெரும்பாலும் ஒரு பெண்ணின், நினைவிலும் கைப்பழக்கத்திலும் மட்டுமே வாழும் அறிவு. சாமான்களைக் கட்டும் நாளில் கண்ணாடியையும் பீங்கானையும் விட எளிதில் சிதறுவது இந்த அறிவுதான். உடைந்த தட்டுக்கு மறுதட்டு வாங்கிவிடலாம். எங்கே போயிற்று என்று தெரியாத பொருளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேட நேரும். ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ என்று அறியப்படும் நிறுவனங்களின் ஆள்கள் மிகுந்த கைத்திறன் உடையவர்கள், இரண்டு படுக்கையறை வீட்டை அரை நாளில் பெட்டிகளுக்குள் அடக்கிவிடுபவர்கள். எனினும் அவர்கள் பொருள்களை அளவு பார்த்துச் சேர்ப்பார்களேயன்றிப் பயன் பார்த்துச் சேர்க்க இயலாது. செருப்புப் பெட்டியளவு இடம் மிஞ்சியிருந்தால் அதில் பூஜையறை மணியும் தொலைக்காட்சியின் ரிமோட்டும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்வது அவர்கள் குற்றமன்று. அவர்கள் வருமுன் வீட்டார் செய்து முடிக்க வேண்டிய பாகுபாட்டு வேலையை அவர்கள் தலையில் போடுவதுதான் தவறு.

பாகுபாடு கழிப்பதிலிருந்து தொடங்குகிறது. சுவரின் மேற்பகுதியில், நிலைக்கும் கூரைக்கும் இடையே, வீடு கட்டும்போதே அமைத்துவிடும் மேல்தட்டாகிய பரண், தீர்மானம் எடுக்க முடியாத பொருள்களெல்லாம் சென்று தங்கும் இடம். கால் உடைந்த நாற்காலி, மோட்டார் கருகிய மிக்ஸி, அது வந்த பெட்டி, மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு, யாரோ திருமணத்தில் கொடுத்துப் பிரிக்கப்படாத சுவர்க்கடிகாரம் ஆகியவை அங்கே தூசியின் கீழ் அமைதியாக இருக்கின்றன. எதைக் கழிப்பது என்று தெரியாதவர்களுக்கு உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: சென்ற முறை வீடு மாறியபோது கட்டி, இந்த வீட்டில் ஒருமுறையும் அவிழ்க்கப்படாமலேயே கிடக்கும் பெட்டி. அதற்குள் இருப்பதில் பெரும்பகுதி பழைய இரும்புக் கடைக்கோ, சென்னையில் காயலான் கடை என்று வழங்கும் பழம்பொருள் கடைக்கோ போகத்தக்கதாகவே இருக்கும். ஆயினும் வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுடைய பொருளை அவர்கள் இல்லாத நேரத்தில் கழிப்பது ஒருபோதும் கூடாது. துருவேறிய வெற்றிலைப் பெட்டியொன்று பிறருக்குக் குப்பையாகத் தெரியலாம். அதை அருகில் அமர்ந்து திறந்து, உள்ளே இருப்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, பிறகு வைப்பதா விடுவதா என்பதை அவர்களையே முடிவு செய்ய விடுவதற்கு ஒரு மாலைப்பொழுது செலவானாலும் அது வீண்போன பொழுதாகாது.

இன்றைக்குச் சாமான் கட்டுவதென்றால் அட்டைப்பெட்டியே முதன்மையான கலம். அலைபோல நெளிந்து மடிந்த காகிதத்தை இரண்டு தட்டையான காகிதங்களுக்கு நடுவே ஒட்டிச் செய்யும் இந்த அட்டை, தொடக்கத்தில் பெட்டிக்காகப் பிறந்ததன்று. 1856இல் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளுக்கு உள்விரிப்பாகப் பயன்படும் நெளிகாகிதத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றுவதற்கு அதைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் பின்னரே அது பெட்டியாக உருக்கொண்டது. அட்டையின் வலிமை நெளிவுகள் நிற்கும் திசையில் இருக்கிறது. பெட்டியைச் சரியாக நிறுத்தினால் பக்கச் சுவர்களில் நெளிவுகள் தூண்களைப் போலச் செங்குத்தாக நின்று மேலே ஏறும் சுமையைத் தாங்கும். பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அந்தத் தூண்களெல்லாம் படுத்துவிடும். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குபவை பெட்டியின் நான்கு மூலைகள் என்பதால், அடுக்கும்போது மூலைக்கு நேர் மேலே மூலை வருமாறு அடுக்க வேண்டும். செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி வைத்தால், கீழ்ப்பெட்டியின் பலமற்ற நடுப்பகுதியில் மேற்பெட்டியின் மூலை குத்தி நிற்கும். பாதி நிரம்பிய பெட்டியும் இவ்வாறே நசுங்கும். ஆகவே மிஞ்சும் வெற்றிடத்தைத் துண்டு, போர்வை, கசக்கிய செய்தித்தாள் ஆகியவற்றால் இறுக நிரப்பிய பிறகே மூட வேண்டும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் மழைக்காலத்திலும் இந்த அட்டை வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. தரையில் நேராக வைக்காமல் பலகையின் மீதோ தார்ப்பாயின் மீதோ வைப்பது அதன் ஆயுளைக் காக்கும். கடைகளில் கேட்கும்போது ‘மூன்று பிளை’, ‘ஐந்து பிளை’ என்று சொல்வது இந்தக் காகித அடுக்குகளின் எண்ணிக்கையை. ஐந்து பிளை என்றால் மூன்று தட்டைக் காகிதமும் இடையே இரண்டு நெளிகாகிதமும் கொண்டது. வீடு மாற்றுவதற்கு அதுவே ஏற்றது.

பெட்டி பெரிதாக இருந்தால் வேலை எளிதாகும் என்ற எண்ணம் மிகப் பரவலானது; புத்தகங்களின் விஷயத்தில் அது தீங்கும் செய்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இடத்தில் அடுக்கிய புத்தகங்கள் ஏறக்குறைய முக்கால் கிலோ எடை இருக்கும். பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டியின் கொள்ளளவு 90 லிட்டருக்குச் சற்றே அதிகம். அதைப் புத்தகங்களால் நிரப்பினால் எடை 65 கிலோவை எட்டிவிடும். அந்தப் பெட்டியைத் தூக்க வேண்டியவர் ஒரு மனிதர் என்பதையும், அவர் அதைச் சுமந்து மூன்றாம் மாடிப் படியில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கட்டுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும். வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவை மீறலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. தொழில்சார் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமோ, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதுகூடத் தூக்குவதற்குரிய எடையை 23 கிலோ என்றே கணக்கிடுகிறது. 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள சிறு பெட்டியில் புத்தகங்களை அடுக்கி, மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் துணியிட்டு நிரப்பினால் எடை ஏறக்குறைய இந்த அளவுக்குள் அடங்கும். சுமைப்பணியாளர்களின் முதுகெலும்பு, வீட்டாரின் கண்ணாடிப் பாத்திரத்தைவிட எவ்விதத்திலும் மலிவானதன்று. பெரிய பெட்டிகள் தலையணை, போர்வை, பிள்ளைகளின் பஞ்சு பொம்மை போன்ற இலேசான பொருள்களுக்கு உரியவை.

சமையலறையைப் பொறுத்தவரை, தமிழ் வீடுகளில் கட்டும் கலையின் ஒரு பாதி ஏற்கெனவே பாத்திரங்களின் வடிவிலேயே அமைந்திருக்கிறது. ‘அடுக்கு’ என்று பெயர் பெற்ற பாத்திர வரிசை, ஒன்றுக்குள் ஒன்று சென்று அமருமாறு அளவெடுத்துச் செய்யப்பட்டது. அண்டாவுக்குள் குண்டானும், குண்டானுக்குள் தவலையும், அதற்குள் சொம்பும் புகுந்தால் நான்கு பாத்திரங்கள் ஒரு பாத்திரத்தின் இடத்தில் அடங்கும். இடையிடையே ஒரு துணி மட்டும் இட்டால் போதும். இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வில் ஒன்றோடொன்று இறுகி, பின்னர் வெந்நீர் ஊற்றித்தான் பிரிக்க நேரிடும். வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் பெரிய பித்தளை அண்டாவை வெறுமையாக அனுப்புவது இடத்தை வீணாக்குவதாகும். அதற்குள் பீங்கான் தட்டுகளைத் துணி சுற்றி வைத்தால், எந்த அட்டைப்பெட்டியாலும் தர இயலாத காவல் அவற்றுக்குக் கிடைக்கும். தட்டுகளைப் படுக்கை வசத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது இயல்பாகத் தோன்றினாலும், பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் மேலுள்ள தட்டுகளின் எடையெல்லாம் கீழ்த்தட்டின் நடுவில் வந்து இடிக்கும். விளிம்பில் நிற்குமாறு வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொரு தட்டும் தன் எடையை மட்டுமே தாங்கும், வளைந்து முறிவதற்கான வாய்ப்பும் குறையும். ஊறுகாய் ஜாடிகளைப் பொறுத்த மட்டில், வாயைத் துணியால் கட்டி, எண்ணெய் கசியும் என்ற முன்னெச்சரிக்கையோடு எவர்சில்வர் வாளியில் நிற்க வைத்து, கையிலோ காரிலோ எடுத்துச் செல்வதே அனுபவமுள்ளவர்களின் வழக்கம். மளிகையைக் குறைக்கத் தொடங்குவது இரண்டு வாரம் முன்னரே செய்ய வேண்டிய காரியம். பினாயில், பிளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து ஆகியவற்றை அரிசி, பருப்பு வைத்த பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்கலாகாது. மண்ணெண்ணெயையும் மிஞ்சிய தீபாவளிப் பட்டாசையும் வண்டியிலேயே ஏற்றலாகாது.

உடையும் பொருளைக் கட்டும் நுட்பத்தை அறிய விரும்புகிறவர், ஆண்டுதோறும் கொலு வைக்கும் வீட்டின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பண்ருட்டியிலும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், காஞ்சிபுரத்திலும் செய்யப்படும் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் ஆண்டில் ஒன்பது இரவுகள் மட்டுமே படிகளில் நிற்கின்றன. எஞ்சிய நாள்களெல்லாம் துணிக்குள் உறங்குகின்றன. ஒரு குடும்பத்தில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த சரஸ்வதி பொம்மை அறுபது ஆண்டுகள் கடந்தும் வீணையின் கழுத்து முறியாமல் இருக்கிறதென்றால், அது அறுபது முறை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த முறை பொறியாளர்களும் வியக்கத்தக்க அளவுக்குத் தெளிவானது. முதலில் பொம்மையின் மெலிந்த பகுதிகளாகிய கழுத்து, நீட்டிய விரல், வீணையின் தண்டு, கண்ணனின் புல்லாங்குழல் ஆகியவற்றைச் சுற்றிப் பஞ்சையோ கிழிந்த வேட்டியின் கீற்றையோ சுற்றி, மேடுபள்ளமான அந்த உருவத்தை உருண்டையான ஒன்றாக ஆக்குகிறார்கள். இதனால் வெளியிலிருந்து வரும் இடி மெலிந்த இடத்தில் குவியாமல் உடம்பு முழுவதும் பரவிவிடுகிறது. அதன் மேல் தோய்த்துத் தோய்த்து மென்மையேறிய பழைய பருத்தித் துணி. அதற்கு வெளியேதான் செய்தித்தாள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் அச்சு மை பொம்மையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அந்த வீட்டார் என்றோ ஒரு நவராத்திரியில் வருத்தத்தோடு கற்றுக்கொண்டிருப்பார்கள்.

பெட்டியின் அடியில் கனமான பெருமாளும் பிள்ளையாரும், அவர்களுக்கு மேல் இலேசான பொம்மைகள். இரண்டு பொம்மைகளுக்கிடையே எப்போதும் துணிச்சுருள். உடையும் அச்சமில்லாத மரப்பாச்சிகள் இடைவெளி நிரப்பும் பணியைச் செய்கின்றன. கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையின் முன்பு பரப்பும் சின்னஞ்சிறு தராசும் படியும் ஒரு தீப்பெட்டிக்குள் போய், அந்தத் தீப்பெட்டி செட்டியாரோடு ஒரே துணியில் சுற்றப்படுகிறது. ‘தசாவதாரம், 10’ என்றும், ‘கல்யாண செட், நாதஸ்வரம் தவில் உள்பட’ என்றும் எழுதிய சீட்டு மூட்டையின் மேல் செருகப்படுகிறது. குமிழ்த்தாள் எனப்படும் பபிள்ராப் 1957இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக உருவாக்கப்பட்டு, அதில் வெற்றி பெறாமல், பிற்பாடு பொருள்களைக் காக்கும் உறையாகப் புகழ்பெற்றது. மின்னணுக் கருவிகளுக்கும் கண்ணாடிக்கும் அது மிக ஏற்றது, ஆனால் வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள் வண்ணம் பூசிய பொம்மையின் மேல் நேராகப் படிந்தால் குமிழ்களின் தடம் பூச்சில் விழுந்துவிடக்கூடும். தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெரிய நகரங்களின் நிறுவனங்கள் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தரும் கொள்கைகளான மெலிந்த பகுதிக்குத் தனிக் காப்பு, பொருளுக்கும் பொருளுக்கும் இடையே மெத்து, கனமானது கீழே, தொகுதி பிரியாமை, உள்ளடக்கச் சீட்டு ஆகிய அனைத்தும் இந்தத் தகரப்பெட்டிக்குள் பெயர் தெரியாத பெண்களின் கைகளால் ஏற்கெனவே கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றன. இதை அறிவு என்று மதித்து, வீட்டின் மற்றப் பொருள்களுக்கும் நீட்டிப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

இயந்திரங்கள் வேறு வகையான கவனத்தைக் கோருகின்றன. குளிர்பதனப் பெட்டியை, அதாவது பிரிட்ஜை, முந்தின நாளே நிறுத்தி, பனி உருகி வடிந்த பிறகு உட்புறத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். அதை நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்வதன் காரணம் கம்ப்ரஸரில் இருக்கிறது: மூடிய கூட்டுக்குள் சுருள்வில்களின் மேல் அமர்ந்திருக்கும் அதன் அடியில் மசகெண்ணெய் தேங்கியிருக்கும், பெட்டியைப் படுக்க வைத்தால் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிட, மறுபடி இயக்கும்போது கம்ப்ரஸர் எண்ணெயின்றி உராய நேரும். தவிர்க்க இயலாமல் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவைத்து எண்ணெய் அடிக்குத் திரும்பிய பிறகே இயக்க வேண்டும். முன்புறம் கதவுள்ள சலவை இயந்திரத்தின் உருளை சுருள்வில்களில் தொங்குவதால், பயணத்தில் அது ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் நீண்ட போல்ட்டுகளை முடுக்கி அனுப்புகிறார்கள்; வாங்கிய அன்று கழற்றிய அந்தப் போல்ட்டுகளைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு வீடு மாறும் நாளில்தான் அவற்றின் மதிப்பு தெரியும். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரில் கல்லே பாதி எடை. குழவிக்கல்லைக் கழற்றித் தனியே சாக்கில் சுற்றாமல் அனுப்பினால், அது தன் பாத்திரத்தையே உள்ளிருந்து இடித்துவிடும். இன்வெர்ட்டர் மின்கலத்தில் கந்தக அமிலம் இருப்பதால் அது சாயக்கூடாது, முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். தட்டைத் திரைத் தொலைக்காட்சி நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. கம்பிகளைப் பிடுங்குமுன் கருவிகளின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதும், கட்டிலைப் பிரித்தவுடன் அதன் போல்ட்டு நட்டுகளை ஒரு பையிலிட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே இறுக ஒட்டிவிடுவதும் பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சமையல் எரிவாயு இணைப்பு, பொருளாகவும் உரிமையாகவும் இருப்பதால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. அதே ஊருக்குள் மாறுவதாக இருந்தால் உருளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் புதிய முகவரிடம் மாற்றிக்கொள்ளலாம். வேறு ஊருக்கு என்றால் உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, கொடுக்கப்படும் மாற்றச் சீட்டைக் காட்டிப் புதிய ஊரில் இணைப்பைத் தொடர வேண்டும். அந்தச் சீட்டு முடிச்சில் வைக்கத்தக்கது. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுவதால், இடையில் வீட்டைக் காலி செய்கிறவர் மீட்டர் காட்டும் அளவை வீட்டு உரிமையாளர் முன்னிலையில் குறித்துக்கொள்வது, முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது எழும் பல வழக்குகளைத் தவிர்க்கும்.

முடிச்சுக்குள் வர வேண்டியவை எவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை: நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, ஆதார், கல்விச் சான்றிதழ்கள், காப்பீட்டு ஆவணங்கள், அன்றாட மருந்துகள், மருத்துவரின் சீட்டுகள், எல்லாப் பூட்டுகளின் சாவிகள். இவற்றை ஒரே பையில் இட்டு, அந்தப் பைக்கு ஒருவரை மட்டுமே பொறுப்பாக்க வேண்டும். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடப்படும் பையை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. இதற்கு அடுத்த நிலையில், கடைசியாகக் கட்டி முதலில் அவிழ்க்கும் பெட்டி ஒன்று தேவை. புதிய வீட்டில் குடிபுகுந்ததும் பால் காய்ச்சும் வழக்கம், இந்தப் பெட்டியின் உள்ளடக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தானாகவே வகுத்துக் கொடுத்துவிடுகிறது: குத்துவிளக்கு, எண்ணெய், திரி, தீப்பெட்டி, பால் பாத்திரம், சர்க்கரை, உப்பு, மஞ்சள், அரிசி, சில தம்ளர்கள். இவற்றோடு ஸ்குரூ டிரைவர், கத்தி, மின்விளக்கு ஒன்று, சார்ஜர், சோப்பு, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், எஞ்சிய பெட்டிகளில் ஒன்றைக்கூடப் பிரிக்காமலேயே அந்தக் குடும்பம் முதல் இரவைச் சிரமமின்றிக் கழிக்க முடியும்.

மற்ற மூட்டைகளுக்கெல்லாம் துணை ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்கு நேரே உள்ளே இருப்பதை நோட்டில் எழுத வேண்டும். பெட்டியின் மேல் எண்ணும், புதிய வீட்டில் அது சேர வேண்டிய அறையின் பெயரும் மட்டும் இருந்தால் போதும். உள்ளடக்கத்தைப் பெட்டியிலேயே எழுதினால் விலையுயர்ந்தது எதுவென்று வழியில் காண்போர்க்கெல்லாம் அறிவித்ததாகிவிடும். எண்ணை மூடியில் எழுதுவது பயனற்றது, ஏனெனில் அதன் மேல் வேறொரு பெட்டி அமர்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் எழுதினால் எவ்வாறு அடுக்கினாலும் ஏதேனும் ஒன்று கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டின் அறையைக் குறிப்பது பலரும் செய்யும் பிழை. பெட்டி திரும்பிப் போகப் போவதில்லை, அது சேரும் இடமே அதன் முகவரி.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்த நோட்டே உதவுகிறது. 2005இல் சந்தைக்கு வந்து, தமிழ்நாட்டின் தெருக்களில் ‘குட்டியானை’ என்றே பெயர் பெற்றுவிட்ட டாட்டா ஏஸ், சுமார் முக்கால் டன் சுமக்கும்; ஒற்றைப் படுக்கையறை வீட்டின் சாமான்கள் பெரும்பாலும் அதில் ஒரே நடையில் அடங்கிவிடும். ஏற்றும்போது பீரோ, பிரிட்ஜ் முதலிய கனமானவை ஓட்டுநர் அறையை ஒட்டி, இரு பக்கமும் எடை சமமாகுமாறு நிற்க வேண்டும். பீரோவுக்கும் கண்ணாடிக்கும் இடையே மெத்தை நிற்கலாம். கண்ணாடியும் படங்களும் வண்டி செல்லும் திசையிலேயே நிமிர்ந்து நிற்க வேண்டும். கண்ணாடியின் மேல் பெருக்கல் குறிபோல ஒட்டும் நாடா அதை உடையாமல் காப்பதில்லை, உடைந்த துண்டுகள் சிதறாமல் பிடித்து வைக்கிறது. ஏற்றி இறக்குகிறவர்களின் கைகளுக்காக அதை ஒட்டியே தீர வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் முடிந்தவுடன் கயிறு. வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தார்ப்பாய்.

வெளியூருக்குச் செல்லும் சாமான்களுக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொருந்துகிறது. 1865 முதல் நடைமுறையிலிருந்த பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2011இல் இது செயலுக்கு வந்தது. பொருளை ஒப்படைக்கிறவர் அதன் விவரத்தையும் மதிப்பையும் அறிவிக்கும் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க, நிறுவனம் அதற்குச் சரக்கு ரசீது தர வேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்தி உயர்ந்த பொறுப்பை ஏற்கச் செய்யாதவரை, இழப்புக்கான பொறுப்பு போக்குவரத்துக் கட்டணத்தின் பத்து மடங்குக்கும், படிவத்தில் அறிவித்த மதிப்புக்கும் மேற்படாது. ஆகையால் ‘வீட்டுச் சாமான்’ என்று ஒரே சொல்லில் எழுதிக் கையெழுத்திடுகிறவர் தம் உரிமையின் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிடுகிறார். நோட்டின் நகலைப் படிவத்தோடு இணைத்து, ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் குறித்தால் அந்த உரிமைக்கு ஆதாரம் கிடைக்கிறது. புழங்கிய வீட்டுப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் இ-வே பில் தேவையில்லை எனினும், சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு இதே பட்டியல் பயன்படும். இழப்பு நேர்ந்தால், வழக்குத் தொடுப்பதற்கு முன், சரக்கு பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பரணில் ஏறிவிட்ட பெட்டிகளை ஓராண்டு கழித்துத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் காலவரம்பு கடந்துபோயிருக்கும்.

ஆதலால் வண்டி வந்து நின்றதும், வீட்டார் ஒருவர் வாசற்படியில் நோட்டோடு நின்று, உள்ளே நுழையும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அடித்துக்கொண்டே, அதை எந்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடைசிப் பெட்டி இறங்கிய பிறகு நோட்டில் அடிக்கப்படாத எண் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, வண்டியின் தளத்தையும் தார்ப்பாயின் மடிப்பையும் ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டு, நசுங்கிய பெட்டிகளின் எண்களை ரசீதிலேயே குறித்த பின்னரே, ஓட்டுநர் நீட்டும் தாளில் கையெழுத்திட வேண்டும்.